தேர் அன்று அளந்த தண்ணீர்

வதனி பிந்துகிறார் என்று எனக்குக் கோபம் வந்துகொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு புதிய களஞ்சியக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் நின்றோம். ஒப்பந்தக்காரர், பம்ப் விற்ற கம்பனியின் ஆட்கள் இரண்டு பேர், நான். தீயணைப்புப் பம்பை முதல் தடவையாக ஓடவிட்டுச் சோதிக்கும் நாள் அது. ஒன்பது மணி என்று சொல்லியிருந்தோம். ஒன்பதரையும் தாண்டிவிட்டது. வதனி கலியாண வீடுகளுக்குத்தான் பிந்தி வருவார், தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது வந்து உரிமையோடு வடை கேட்பார். பம்ப் சோதனைக்கு அவர் பிந்தியதைப் பதினெட்டு வருடத்தில் நான் கண்டதில்லை. அழைப்பு எடுத்தேன். மறுபக்கம் எடுபட்டதுதான் தாமதம், கத்தினேன்.

"எங்கை நிக்கிறீர்? இஞ்சை எல்லாரும் உம்மைப் பார்த்துக்கொண்டு நிக்கிறம்! கொஞ்சமாவது யோசினை இருக்கோ?"

மறுபக்கத்தில் ஓர் ஆணின் குரல். "மாத்தயா, மே நோனாட்ட அமாருய்."

இந்த அம்மாவுக்குச் சுகமில்லை என்று அந்த ஓட்டோக்காரர் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியும், விளங்காதவன் போல "மொக்கத? என்ன? மொக்கத?" என்று கேட்டுக்கொண்டே நின்றேன். வண்டியில் வரும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாராம். பெரியாஸ்பத்திரிக்குத் திருப்பிக்கொண்டு போகிறாராம். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. நாற்பத்தொன்பது வயது. காலையில் அவர் கையில் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட சாப்பாட்டுப் பெட்டி அந்த வண்டியின் இருக்கையில் அப்படியே இருந்தது. ஓட்டோக்காரர் அதை இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். இன்னும் சூடாக இருந்தது.

நான் கடைசியாகக் கத்திய சொற்கள் அவருடைய காதில் விழவில்லை. அது எனக்கு ஆறுதலா இல்லையா என்று இந்த ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி வதனியின் கணவர் பாலா அண்ணை கேட்டார். இதை வாசிக்கப்போகிற உங்களில் பலருக்கு வதனி சொந்தம், அயல், பள்ளிச் சிநேகிதி. அவருடைய சிரிப்பு உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் அவர் சிரித்தால் காலி வீதியில் பஸ் பிடிக்க நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால், "என்னவோ பைப் வேலையாம்" என்றுதான் செத்தவீட்டில்கூட ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னதைக் கேட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தால் அதை அணைக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும், அதை எங்கே சேர்த்து வைப்பது, எவ்வளவு வலுவான பம்ப் அதை உச்சி மாடிவரை தள்ளும். இதைக் கணக்கிடுவதுதான் எங்கள் தொழில். மருந்துக் கடை ஒன்றுக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் வதனியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே வயது, ஒரே படிப்பு, பக்கத்துப் பக்கத்து மேசை. நாங்கள் கணக்குப் போட்ட தண்ணீர் ஒருநாளும் பயன்படாமல் தொட்டியில் கிடந்தால்தான் எங்களுக்கு நல்ல செய்தி. அதனால் இந்த வேலையில் யாரும் வந்து நன்றி சொல்வதில்லை. தொட்டி இவ்வளவு பெரிதா, இடம் வீணாகிறதே என்று சண்டைக்குத்தான் வருவார்கள்.

அப்படிச் சண்டைக்கு வந்தவர்களில் ஒரு விடுதிக்காரர் இருந்தார். தொட்டிக்கு இடம் தரமாட்டார். அதற்குப் பதிலாக எவ்வளவு பெரிய பம்ப் வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன் என்று அடம்பிடித்தார். வெயிலுக்குச் சந்திக் கடையில் எங்கள் இருவருக்கும் தம்பிலி இளநீர் வெட்டுவித்துத் தந்திருந்தார். வதனி குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்தும் விடவில்லை. வெறும் தம்பிலிக்குள் குழலை வைத்துக் கர்ரென்று உறிஞ்சிக்கொண்டே இருந்தார். சந்தியில் நின்றவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். எனக்கு வெட்கம்.

"இதுதான் ஐயா உங்கடை பெரிய பம்பின்றை சத்தம்" என்றார், குழலை எடுத்துவிட்டு. "பம்ப் தண்ணி செய்யாது. இருக்கிறதைத் தள்ளும், அவ்வளவுதான்."

விடுதிக்காரர் சிரித்துவிட்டார். தொட்டிக்கு இடமும் தந்தார். முன்பு எத்தனையோ கூட்டங்களில் நான் அரை மணித்தியாலம் விளக்கியும் ஏறாத விஷயம் அந்த ஒரு உறிஞ்சலில் ஏறியதை நினைத்து எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. அதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

இன்னொரு நாள் நாங்கள் முன்பு வேலைசெய்த ஒரு மாடி வீட்டுத் தொகுதிக்கு வருடாந்தப் பார்வைக்குப் போனோம். கீழே ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர், தீயணைப்புக்கென்று சுவரில் சுருட்டி வைத்திருக்கும் சிவப்புக் குழாயை இழுத்துவந்து தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் என்றால் கத்தியிருப்பேன். வதனி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். டொக்டர் சக்கரங்கள்வரை கழுவி முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அங்கிள், ஏழு நிமிஷம் கழுவினீங்கள். நாலாம் மாடியிலை இருக்கிறது ஆர்?"

"என்ரை மகளும் பேரப்பிள்ளையளும். ஏன் பிள்ளை?"

"இல்லை, அவையின்றை ஏழு நிமிஷம்தான் இப்ப வடிகானுக்குள்ளை போச்சு. அதுதான் கேட்டனான்."

அந்த மனிதர் குழாயைத் தானே சுருட்டி வைத்தார். இன்றுவரை அந்தக் கட்டடத்தில் யாரையும் அந்தக் குழாயில் கைவைக்க அவர் விடுவதில்லையாம். செத்தவீட்டுக்கும் வந்திருந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

இனி நான் எழுதப் பயப்படுகிற பகுதிக்கு வருகிறேன்.

வதனி இறந்தபோது நாங்கள் இருவரும் கோபம். இரண்டு கிழமையாக, வேலைக்கு வேண்டிய கதையைத் தவிர வேறு கதை இல்லை. காரணம் ஒரு தொட்டி. வதனியின் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் ஒன்பது மாடியில் ஒரு வீட்டுத் தொகுதி எழும்புகிறது. அதற்கான தீயணைப்புத் தண்ணீரைக் கணக்கிட்டவன் நான். தீ எரியும் நேரத்திலும் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் வந்து தொட்டிக்குள் விழுந்துகொண்டிருக்கும் என்று அளந்து காட்டினால், அந்த அளவுக்குத் தொட்டியைச் சிறிதாக்கலாம். நான் நேரில் போய் அளந்தேன். தண்ணீர் சும்மா சீறிக்கொண்டு வந்தது. தொட்டியைக் கிட்டத்தட்டப் பாதியாக்கி வரைபடத்தில் கையெழுத்தும் வைத்தேன். கட்டட முதலாளிக்கு நிலக்கீழ்த் தளத்தில் இரண்டு கார் நிறுத்த இடம் மிச்சம். என்னைப் பிடித்துக் கொஞ்சாத குறை.

வரைபடத்தோடு இருந்த அளவுத் தாளை வதனி ஒரு நாள் எடுத்துப் பார்த்தார். திகதியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய கலண்டரைத் திருப்பினார். பிறகு அந்தச் சிரிப்பு.

"ரகு, நீர் இதை எண்டைக்கு அளந்தனீர் தெரியுமோ? நல்லூர்த் தேரண்டைக்கு!"

எனக்கு உடனே விளங்கவில்லை. ஒழுங்கை அன்று வெறிச்சோடிக் கிடந்தது உண்மை. ஒரு கார்கூட வராமல், யாரும் வந்து என்ன ஏது என்று கேட்காமல், நிம்மதியாக அளக்க முடிந்தது. நல்ல நாள் பார்த்து வந்திருக்கிறேன் என்று எனக்குள் மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது. அந்த ஒழுங்கையில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது எனக்கு வசதியாகத் தெரிந்ததே தவிர, பூட்டிய வீட்டில் யாரும் குழாய் திறப்பதில்லை என்பது மண்டையில் ஏறவில்லை.

"வெள்ளவத்தைச் சனம் முழுக்க அண்டைக்கு ஊருக்குப் போய் நல்லூரிலை எல்லோ நிண்டது! ஆரும் குளிக்காத ஊரிலை தண்ணி சீறாமல் என்ன செய்யும்?"

படம் வரையும் நஸீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தேநீர் கொண்டுவந்தவரும் விளங்காமலே சிரித்தார். வதனி என்னைக் கேலி செய்வது புதிதில்லை. நானும் அவரைச் செய்வேன். ஆனால் அன்று எல்லார் முன்னாலும் என் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தது எனக்குச் சுட்டுவிட்டது. "எப்ப அளந்தாலும் ஒரு நாளிலைதான் அளக்க வேணும்" என்று வெடுக்கென்று சொன்னேன்.

வதனி சிரிப்பை நிறுத்தினார். "ஓம். எந்த நாள் எண்டதுதான் கேள்வி. நெருப்பு சனம் இல்லாத நாள் பார்த்தே வரும்? தீபாவளி விடிய அளந்து பாரும். ஒழுங்கை முழுக்க எண்ணெய் முழுக்கு. அண்டைக்கு வாற தண்ணிதான் உமக்கு உண்மையிலை இருக்கிற தண்ணி. மற்றதெல்லாம் இரவல்."

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வீம்புக்கு நின்றேன். வரைபடம் முதலாளியிடம் போய்விட்டது, தொட்டிச் சுவருக்குக் கொங்கிரீட் போடும் நாள்கூடக் குறித்தாயிற்று, தீபாவளிக்கு அடுத்த திங்கட்கிழமை, இனி மாற்ற முடியாது என்றேன். மாற்ற முடியும். முதலாளி முன்னால் போய் நான் அளந்தது பிழை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதுதான் எனக்கு முடியவில்லை.

இறப்பதற்கு முதல்நாள் பின்னேரம் வதனி அழைப்பு எடுத்தார். "நாளைக்கு ஒன்பதுக்கு வாறன். நான் வராமல் பம்பை ஓட விடாதையும்" என்றார். நான் "ம்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "கொட்டாஞ்சேனை முடிய எங்கையாவது இருந்து அந்தத் தொட்டிக் கதையைக் கதைப்பம் ரகு" என்றார்.

"கதைக்க ஒண்டுமில்லை" என்றேன்.

இவ்வளவுதான். பதினெட்டு வருடப் பழக்கத்தில் அவருடைய காதில் விழுந்த என் கடைசிச் சொல் அது. கனத்தை மயானத்தில் எல்லாரும் ஒவ்வொரு பிடி பூப்போட்டார்கள். நானும் போட்டேன். என் கை போட்டது, நான் எங்கேயோ நின்றேன். ஐயோ, ஒரு வார்த்தை, "சரி, கதைப்பம்" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கொட்டாஞ்சேனைப் பம்பை அடுத்த கிழமை ஓடவிட்டோம். அவர் வராமல்தான். பொத்தானை அழுத்தும் முன் நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்ததை ஒப்பந்தக்காரர் கவனித்தார். அவரும் திரும்பிப் பார்த்தார். பம்ப் நன்றாகவே ஓடியது.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு அன்று வதனி வீட்டுக்குப் போயிருந்தேன். பாலா அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டு, பழைய துவாய் ஒன்றில் சுற்றிய பொருளைக் கையில் தந்தார். வதனியின் அமுக்கமானி. குழாயில் பூட்டினால் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தோடு வருகிறது என்று ஊசி காட்டும். அவருடைய கைப்பைக்குள் அது எப்போதும் கிடக்கும்.

"தீபாவளி விடிய பக்கத்து ஒழுங்கையிலை அளக்கோணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவ" என்றார் பாலா அண்ணை. "ரகுவையும் கூட்டிக்கொண்டுதான் போகோணும், நான் தனிய அளந்தா அந்தாள் நம்பாது எண்டு சொல்லிச் சிரிச்சவ."

அப்படியானால் வீட்டில் அவர் என்னைப் பற்றிக் கோபமாகக் கதைக்கவில்லை. எங்கள் சண்டை பாலா அண்ணைக்குத் தெரிந்திருக்கவே இல்லை. துவாயை விரித்துப் பார்த்தேன். எனக்கென்று ஒரு துண்டுக் கடதாசியாவது இருக்கும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஒன்றுமில்லை. அமுக்கமானியும், குழாய்ப் புரியில் தண்ணீர் கசியாமல் சுற்றுகிற வெள்ளை நாடாவும் இருந்தன. கடிதம் எழுதி வைக்க அவர் என்ன, சாகப்போகிறேன் என்று தெரிந்தா இருந்தார்?

அன்றிலிருந்து தீபாவளிவரை என் நிலைமையை உள்ளபடி சொல்கிறேன். தொட்டி விஷயம் தெரிந்தவர்கள் அலுவலகத்துக்குள் மூன்று பேர். அதில் ஒருவர் போய்விட்டார். நஸீமா எனக்கு எதிராக வாய் திறக்கமாட்டார். நான் சும்மா இருந்தால் திங்கட்கிழமை கொங்கிரீட் விழும், கதை முடியும். சும்மா இருக்கலாம் என்றும் ஒரு நாள் முழுக்க நினைத்தேன். வதனி இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார் என்பது தெரியும். அவர் இல்லாதபோது நான் எப்படிப்பட்டவன் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது.

தீபாவளி அன்று விடியற்காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டேன். "இஞ்சாருங்கோ, எண்ணெய் வைக்காமல் எங்கை வெளிக்கிட்டிட்டியள்?" என்று மனைவி கேட்டார். வந்து சொல்கிறேன் என்றேன். வதனி வீட்டு ஒழுங்கை வழியாகப் போனேன். ஒவ்வொரு குளியலறை யன்னலிலும் வெளிச்சம். சுவருக்குச் சுவர் தண்ணீர் ஊற்றும் சத்தம், சீயாக்காய் வாசம், பிள்ளைகளின் கூச்சல். ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம் இல்லை. அந்த வீட்டு வாசலில் பாலா அண்ணை சாரத்தோடு நின்றார்.

"எங்களுக்கு இந்த முறை தீபாவளி இல்லைத்தானே. நானும் வாறன்" என்றார்.

கட்டட வேலைத்தளத்தின் குழாயில் அமுக்கமானியைப் பூட்டினேன். ஊசி கொஞ்சம் எழும்பி, நடுங்கி, பூச்சியத்துக்குக் கிட்ட வந்து படுத்துவிட்டது. பிறகு அதைக் கழற்றிவிட்டு அங்கிருந்த நீலப் பீப்பாயைக் குழாயின் கீழே வைத்தோம். ஓகஸ்ட்டில் தேர் அன்று அளந்த அதே பீப்பாய்தான். அன்று நான் ஒரு தேநீர் குடித்து முடிக்குமுன் நிரம்பி வழிந்தது. இன்று தண்ணீர் என் சுண்டுவிரல் தடிப்பில் விழுந்தது. பாலா அண்ணை குந்தியிருந்து பீப்பாய்க்குள் எட்டி எட்டிப் பார்த்தார். அரை மணித்தியாலம் போய்விட்டது, பாதிகூட வரவில்லை.

"நிரம்பாதோ ரகு?" என்றார்.

"நிரம்பாது அண்ணை."

"அப்ப அவ சொன்னது சரியோ?"

நான் அவரைப் பார்க்கவில்லை. பீப்பாயைத்தான் பார்த்தேன். ஒன்பது மாடி. மாடிக்கு நான்கு வீடு. பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போடுகிற அத்தனை குடும்பத்துக்கும் நான் எழுதிக் கொடுத்திருந்தது நல்லூருக்குப் போன சனம் விட்டுப்போன தண்ணீர். அந்த இடத்திலேயே நின்று முதலாளிக்கு அழைப்பு எடுத்தேன். பின்னால் வெடிச்சத்தம் கேட்டது அவருடைய பக்கமா என்னுடைய பக்கமா என்று தெரியவில்லை.

"தொட்டி போதாது. முதல் போட்ட அளவுக்கே பெரிசாக்க வேணும். திங்கட்கிழமை கொங்கிரீட்டை நிப்பாட்டுங்கோ. நான் அளந்தது பிழை."

"என்ன இன்ஜினியர், நல்ல நாளும் பெருநாளுமா! இதை ஆர் சொன்னது?"

"வதனி சொன்னவ. நான்தான் கேக்கேல்லை."

அவர் ஏசினார். நிறைய ஏசினார். பிறகு கொங்கிரீட்டை நிறுத்தினார். தொட்டி பெரிதாகிறது, இரண்டு கார்கள் தெருவில் நிற்கும். திரும்பி வரும்போது பாலா அண்ணை என் தோளில் கை வைத்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியிலும் வரவில்லை, கனத்தையிலும் வரவில்லை. சீயாக்காய் மணக்கிற ஒழுங்கையில், எண்ணெய் வைக்காத தலையோடு நின்று குலுங்கிக் குலுங்கி அழுதேன். மத்தாப்புக் கொளுத்திய பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

வதனியிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று அந்த அமுக்கமானி. பாலா அண்ணை திருப்பி வாங்க மறுத்துவிட்டார். மற்றது "எந்த நாள்?" என்ற அவருடைய கேள்வி. அதை என் ஞாபகத்தை நம்பி விட எனக்குத் துணிவில்லை. ஆகவே எங்கள் அலுவலகத்தின் அளவுத் தாளில், திகதிக்குக் கீழே ஒரு புது வரி சேர்த்திருக்கிறேன்: "அன்று ஊரில் ஆட்கள் இருந்தார்களா?" நஸீமா அதை அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

புதுத் தாளில் முதலில் நிரப்பியது தீபாவளி அளவைத்தான். அந்த வரிக்கு எதிரே "எல்லாரும் இருந்தார்கள்" என்று எழுதினேன். பேனையை மூடிவிட்டேன். பிறகு திறந்து, "ஒருவரைத் தவிர" என்று எழுதினேன்.